வழக்கேடும் வாழ்க்கைச் சரிதமும்

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807 - 1860), தமிழ்ப் புலவர் ஏறக்குறைய இருநூற்றுவரின் வரலாறுகளைத் திரட்டி 1859 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் சூட்டிய பெயர் 'தமிழ் புளூட்டாக்' என்பதாகும். புளூட்டாக் என்ற கிரேக்க ஆசிரியர் இருவரின் வாழ்க்கையை அருகருகே நிறுத்தி ஒப்புநோக்கி எழுதியவர். பெரும்போர்களையும் முற்றுகைகளையும் விட, ஒருவன் பேச்சோடு பேச்சாக உதிர்க்கும் வேடிக்கை மொழியிலே அவனுடைய குணம் துலங்குவதுண்டு என்னுங் கருத்தை அலெக்சாந்தர் சரிதத்தின் முகப்பிலே எழுதிவைத்தவர். காசிச்செட்டியின் நூலிற் பல புலவர்களுக்குச் சில வரிகளே கிடைத்துள்ளன. கர்ணபரம்பரைக் கதைகளும் தாராளமாகக் கலந்துள்ளன. ஆயினும் அந்நூலிலே ஒருவர் இடம்பெறுவதற்கு அவர் பாடினார் என்பதே தகுதியாயிற்று.

காசிச்செட்டி சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றியவர். எனவே வழக்கேடு எத்தகையது, சரிதம் எத்தகையது என்னும் இரண்டையும் அவர் தொழில்முறையிலேயே அறிந்திருந்தார் எனல் வேண்டும். வழக்கேடு ஒரு மனிதனைக் குறித்துக் கேட்கும் வினா ஒன்றே: குற்றஞ்சாட்டப்பட்ட செயலை இவன் செய்தானா, இல்லையா? அந்த வினாவுக்குப் பயன்படாத அனைத்தும் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை பொருத்தமற்ற சாட்சியமாகும். சரிதமோ அந்தப் பொருத்தமற்ற சாட்சியத்தினாலேயே ஆகும் ஒன்று.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்கும் இடம் ஒன்றுண்டு. அரசினாலோ சமூகத்தினாலோ துன்புறுத்தப்பட்டு அழிந்த எழுத்தாளர் ஒருவரின் வாழ்வைப் பின்வந்தோர் பரிவுடன் சொல்ல முற்படும்போது, அவர்களின் கைக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் அவரைத் துன்புறுத்தியோர் விட்டுச்சென்ற ஆவணமே. திகதியும் பெயரும் வினாவும் விடையும் அதிலே ஒழுங்காக உள்ளன. நாடகத்துக்கு வேண்டிய மோதலும் அதிலே ஆயத்தமாக இருக்கின்றது. அவ்வாவணத்தின் வடிவத்தையே சரிதத்தின் வடிவமாகக் கொள்ளுதல் நியாயமாகுமா? தன்பாலீர்ப்பின் பொருட்டுத் தண்டிக்கப்பட்ட ஒஸ்கார் வைல்டைப் பற்றி ஒன்றோடொன்று போட்டியிட்டு எழுந்த இரு திரைப்படங்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றன.

வைல்டின் கதையிற் பெரும்பாலானோர் அறிந்த பகுதி 1895 ஆம் ஆண்டின் சில மாதங்களாகும். அவ்வாண்டு பெப்ரவரியில் அவருடைய நாடகங்கள் இரண்டு இலண்டன் அரங்குகளில் ஒரே வேளையில் நடைபெற்றுக்கொண்டிருந்தன. அவருடைய நண்பர் அல்பிரட் டக்ளஸின் தந்தையாராகிய குயின்ஸ்பெரி பிரபு, அம்மாதம் 18 ஆந் திகதி வைல்டின் கழகத்திலே அவமதிப்பான குறிப்பெழுதிய அட்டையொன்றை விட்டுச்சென்றார். வைல்ட் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கைத் தொடங்கியவர் வைல்டே என்பது சிந்தித்தற்குரியது. ஏப்பிரல் 3 ஆந் திகதி தொடங்கிய விசாரணையிற் பிரபுவின் சார்பில் எட்வேட் கார்சன் குறுக்கு விசாரணை செய்தார். இருவரும் டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் சமகால மாணவர்கள். மூன்றாம் நாள் வழக்கு முறிந்தது. அன்று மாலையே வைல்ட் கைதானார். அவரை எதிரியாகக் கொண்ட முதல் விசாரணையில் யூரர் ஒருமைப்படவில்லை. இரண்டாவது விசாரணையின் முடிவிலே, மே 25 ஆந் திகதி, இரண்டாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1885 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 11 ஆம் பிரிவே அதற்கு ஆதாரம். ஓடிக்கொண்டிருந்த நாடகங்களின் விளம்பரங்களிலிருந்து ஆசிரியர் பெயர் அகற்றப்பட்டது. நாடகத்தைப் பார்க்கலாம், ஆனால் எழுதியவனை அறியலாகாது என்பது அக்காலத்து இலண்டன் கண்ட சமரசம் போலும்!

1960 மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள், இவ்வரலாற்றைக் கூறும் இரு படங்கள் இலண்டனில் வெளிவந்தன. ஒன்று கிரகரி ராட்டொவ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். அதில் வைல்டாக நடித்தவர் றொபேட் மோர்லி. 1936 ஆம் ஆண்டிலேயே மேடையில் அப்பாத்திரத்தை ஏற்றுப் புகழ்பெற்றவர் அவர். படத்துக்கு மூலமும் அம்மேடை நாடகமே. மற்றையது கென் ஹியூஸ் இயக்கிய வண்ணப் படம்; பீற்றர் பின்ச் அதில் வைல்டாக நடித்தார். மொன்ற்கொமரி ஹைட் 1948 இல் வெளியிட்ட வழக்கு விசாரணைத் தொகுப்பு அதற்கு ஆதாரங்களுள் ஒன்று. கார்சன் வேடத்தை முதற் படத்தில் றால்ப் றிச்சட்சனும் இரண்டாம் படத்தில் ஜேம்ஸ் மேசனும் ஏற்றனர். ராட்டொவ் முந்திக்கொள்ளும் அவசரத்திற் படத்தை முடித்தார் என்பர். படத்தைப் பார்ப்போர்க்கு அந்த அவசரம் புலப்படவே செய்யும்.

தொழிற்றிறனில் ஹியூஸின் படமே மேலானது. பின்சின் நடிப்புக்குப் பிரித்தானியாவின் உயர்ந்த விருதும் கிடைத்தது. ஆயினும் இரு படங்களும் எங்கே உச்சம் பெறுகின்றன என்று நோக்கினால் வேற்றுமை மறைந்துவிடுகின்றது. இரண்டிலும் உச்சக்கட்டம் கார்சனின் குறுக்கு விசாரணையே. பணியாளன் ஒருவனை முத்தமிட்டதுண்டா என்று கார்சன் கேட்க, அவன் அழகற்றவன் என்னும் கருத்துப்பட வைல்ட் வேடிக்கையாக விடையிறுத்த கணத்திலேதான் உண்மை வழக்கும் தலைகீழாகியது. புளூட்டாக் தேடிய வேடிக்கை மொழி இங்கே உண்டு. ஆனால் அது கார்சனின் வலையில் விழுந்த மொழி. வைல்ட் தம் மைந்தர் இருவருடனும் விளையாடிய பொழுதுகள், சிறுவர் கதைகளை எழுதிய காலம், மேடை நாடகத்தில் ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் செதுக்கிய உழைப்பு ஆகியன அவ்வழக்கிற் பொருத்தமற்றவை. படங்களிலும் அவை ஓரளவு பொருத்தமற்றனவாகவே ஆகிவிடுகின்றன.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுள்ளது. 1957 இல் வொல்பென்டன் குழு, வயது வந்த ஆடவர் இருவர் தனிமையில் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகலாகாது என்று பரிந்துரைத்திருந்தது. 1967 வரை பிரித்தானியச் சட்டம் மாறவில்லை. அந்த இடைக்காலத்தில் எழுந்த படங்கள் வைல்டின்பால் இரக்கத்தை எழுப்ப விரும்பின, தணிக்கைக்கும் அஞ்சின. ஆகவே ஹியூஸின் படம் வைல்டை ஏறத்தாழக் குற்றமற்றவராக்க முயல்கின்றது. பின்ச் காட்டும் மனிதர் பெருந்தன்மையும் குடும்பப் பாசமும் உடையவர். நன்றியற்ற இளைஞன் ஒருவன்மீது கொண்ட உயரிய நட்பினால் வீழ்ந்தவர். படத்தின் முடிவு அவரை டக்ளஸிடமிருந்து விலக்கியே காட்டுகின்றது. வரலாறு அவ்வாறன்று. 1897 மே மாதம் விடுதலையான வைல்ட், அவ்வாண்டின் பிற்பகுதியில் நேப்பிள்ஸ் நகரிலே டக்ளஸுடன் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார். மனைவியும் நண்பர்களும் வெறுத்த செயல் அது. பரிவோடு சொல்லப்புகுந்த படம் அதைச் சொல்லத் துணியவில்லை. ராட்டொவின் படமோ பாரிஸில் மதுவிலே சிதைந்த மனிதராக வைல்டைக் காட்டி முடிக்கின்றது. இது உண்மைக்குச் சற்று நெருங்கியது. ஆயினும் வீழ்ச்சியை ஒரு தண்டனை போலவே காட்டுகின்றது.

இவ்விடத்திற் கவனித்தற்குரிய நியாயப் பிழையொன்றுண்டு. ஒருவர் துன்புறுத்தப்பட்டது அநீதி என்று நிறுவுவதற்கு அவர் குற்றஞ்சாட்டப்பட்ட செயலைச் செய்யவில்லை என்று காட்டுவது, செய்திருந்தால் அத்தண்டனை தக்கதே என்று ஒத்துக்கொள்வதாகும். ஹியூஸ் வைல்டைக் காப்பாற்ற முனைந்து சட்டத்தைக் காப்பாற்றிவிடுகிறார். ராட்டொவ் வேறு வழியால் அதே இடத்தை அடைகிறார். இரு படங்களும் தமக்குள் போட்டியிட்டன; கார்சனின் வினாவோடு எதுவும் போட்டியிடவில்லை.

வைல்ட் குற்றமற்றவரல்லர். சத்தியஞ் செய்து சாட்சிக் கூண்டிலே பொய் கூறினார். அவர் நாடிய இளைஞர் பலர் வறியவர். வயதும் பணமும் புகழும் அவர் பக்கமே இருந்தன. மனைவி கொன்ஸ்ரன்ஸ் பிள்ளைகளின் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டு அயல்நாட்டில் வாழ நேர்ந்தது. 1898 இல் ஜெனோவாவில் இறந்தார். இவை கூறப்படல் வேண்டும். கூறியபின்னரும் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே என்று வாதிட இயலாத பரிவு, பரிவென்ற பெயருக்கே தகுதியற்றது. அறவோரை மட்டும் காக்கும் நீதி எவருக்கும் அதிகம் தேவைப்படுவதில்லை.

வைல்டே தம் துன்பத்தைத் தம் அடையாளமாக்கிக் கொண்டாரல்லவா என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலியதே. றெடிங் சிறையைப் பற்றிய அவரது நெடும்பாடல் 1898 இல் வெளிவந்தபோது, ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவரது சிறைக்கூட இலக்கமே இருந்தது. எனினும், அந்த இலக்கத்தை அவர் எடுத்துக்கொண்டது தம் துன்பத்தைப் பாடுதற்கன்று. தூக்கிலிடப்பட்ட மற்றொரு கைதியைப் பாடுதற்கே. பிறர் இட்ட பெயரைத் தானே எடுத்தாள்வதும் பிறர் அப்பெயராலேயே என்றும் அழைத்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைப் புத்தளக் கரையோரத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே வந்து தங்கினர். வணிகரும் ஆசிரியரும் கமக்காரரும் தையற்காரருமாயிருந்த அவர்கள் அனைவருக்கும் 'அகதி' என்ற ஒரே பெயர் கிடைத்தது. நிவாரணம் பெறுவதற்கு அப்பெயர் வேண்டியிருந்தது. ஆனால் அது வெளியேற்றிய நாளில் பிறந்த பெயர். அதற்கு முந்திய வாழ்வு எதுவும் அதனுள் இல்லை.

பின்வந்த வைல்ட் படங்கள் இச்சிறையிலிருந்து வெளியேற முயன்றன. 1997 இல் பிறயன் கில்பேட் இயக்க ஸ்ரீபன் பிறை நடித்த படம், றிச்சட் எல்மன் எழுதிய சரிதத்தைத் தழுவியது. வைல்டின் சிறுவர் கதையொன்று அப்படத்தின் ஊடே இழையாக ஓடுகின்றது. தந்தை, கணவர், எழுத்தாளர், காதலர் ஆகிய நால்வரும் அங்கே ஒரே மனிதருக்குள் இருக்கின்றனர். 2018 இல் றூபேட் எவரெற் எழுதி இயக்கித் தாமே நடித்த படம் சிறைக்குப் பிந்திய ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, நேப்பிள்ஸ் வாழ்வை மறைக்காமற் சொல்கின்றது. நீதிமன்றம் அங்கே ஏறத்தாழ நினைவாக மட்டுமே எஞ்சுகின்றது. கலையாக இவற்றைக் குறைகூற இடமுண்டு. பிறையின் வைல்ட் அளவுக்கு மீறிச் சாதுவானவர். ஆயினும் இப்படங்கள் கார்சனின் வினாவுக்கு விடையளிப்பதற்காக எடுக்கப்பட்டவையல்ல.

இந்தியாவிலும் இதற்கொத்த ஒரு வரலாறு நிகழ்ந்தது. இராமச்சந்திர சிராஸ் மராத்திக் கவிஞர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்தவர். 2010 பெப்ரவரி 8 ஆம் நாள் இரவு, படக்கருவியுடன் அவர் வீட்டுக்குள் நுழைந்தோர், அவரும் ரிக்ஷா இழுக்கும் ஒருவரும் தனிமையிலிருந்ததைப் படம்பிடித்தனர். பல்கலைக்கழகம் அவரைப் பணியிடைநிறுத்தியது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையிலேயே வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமாகாதெனத் தீர்த்திருந்தமையால், சட்டப்படி அவர் குற்றவாளியுமல்லர். அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்பிரல் 1 ஆம் நாள் பணியிடைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. அதே வாரத்தில், ஏப்பிரல் 7 ஆம் நாள், அவர் தம் வீட்டிலே இறந்துகிடக்கக் காணப்பட்டார்.

சிராஸின் வாழ்வைப் பற்றியும் இரு படங்கள் உள்ளன என்று கூறினால் அது மிகையன்று. ஒன்று அன்றிரவு வீட்டினுள் நுழைந்தோர் எடுத்தது. மற்றையது ஹன்சால் மேத்தா இயக்கி, மனோஜ் பாஜ்பாய் சிராஸாக நடித்து, 2016 பெப்ரவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த 'அலிகார்'. முதலாவது, ஒரு மனிதரின் அறுபதாண்டு வாழ்வைச் சில நிமிடங்களாகச் சுருக்கிய சரிதம். இரண்டாவது, அந்தச் சில நிமிடங்களை மீண்டும் அறுபதாண்டினுள் வைத்துப் பார்க்க முயன்ற சரிதம்.

அவ்வாறு முயன்ற படமும் அன்றிரவு நிகழ்ந்ததைக் காட்டுகின்றது என்பதே இங்கு எழும் இடர்ப்பாடு. சிராஸை அழித்த கருவி படக்கருவி. அவருக்காகப் பரிந்து பேசுவோரும் அதே அறைக்குள் மீண்டும் ஒரு படக்கருவியோடு நுழைகின்றனர். திரையரங்கில் அமர்ந்திருப்போர் அதன் பின்னே நுழைகின்றனர். அவமதிப்பைக் காட்டாமல் அது அவமதிப்பென்று எவ்வாறு உணர்த்துவது? காட்டினால் அதிற் பங்குகொள்ளாதிருப்பது எவ்வாறு?

இது திரைப்படத்தோடு பிறந்த வினாவன்று. சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்னுங் கடற்கரைக் கிராமத்தில், திரௌபதியம்மன் ஆலயத்தின் ஆடி மாதத் தீமிதி விழாவை ஒட்டிப் பாரதக் கதை ஓதப்படுகின்றது. பாரதம் படிப்போர் எவரும் கௌரவர் சபையைத் தாண்டிச் செல்ல இயலாது. கூந்தல் பற்றி இழுத்துவரப்பட்டவள் அங்கே நிற்கிறாள். தலைமுறை தலைமுறையாக அக்காட்சி எடுத்துரைக்கப்பட்டும், கேட்போர் துச்சாதனன் பக்கம் நின்று பார்ப்பவராகிவிடுவதில்லை. அதற்குப் பக்தி ஒரு காரணம். மற்றொரு காரணம் கதையின் அமைப்பிலேயே இருக்கின்றது. அச்சபையில் யாவர்க்கும் மறக்கவொண்ணாதபடி நிலைப்பது அவள் எழுப்பிய வினாவாகும். தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று அவள் கேட்டாள். வீடுமன் முதலாயினோரால் அதற்கு நேர்விடை கூற முடியவில்லை. விசாரிக்கப்பட வந்தவள் சபையை விசாரிக்கிறாள். அவளைப் பார்க்க இருந்தவர்கள் தங்களையே பார்க்க நேர்கின்றது.

இவ்வளவுகோலை வைத்து நோக்குமிடத்து, 'அலிகார்' படத்தின் சிறப்பு ஓரளவு விளங்கும். வீடு புகுந்த நிகழ்ச்சியை அப்படம் காட்டினாலும், பார்ப்போர் நினைவில் நிலைப்பது வேறொன்று. தனியறையில் மதுக்கிண்ணத்தோடு அமர்ந்து லதா மங்கேஷ்கரின் பழைய பாடலைக் கேட்டுத் தன்னை மறந்திருக்கும் முதியவரை நெடுநேரம் படக்கருவி அசையாது நோக்கியிருக்கும் காட்சி அது. எந்த நீதிமன்றத்துக்கும் அது பயன்படாது. தம்மைக் குறிக்க வழங்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்குள் தம் உணர்வை ஒருவரால் எவ்வாறு அடக்கமுடியும் என்று அவர் இளம் பத்திரிகையாளரிடம் வினவுகிறார். தமக்காக வாதிடும் சட்டத்தரணிகளும் அச்சொல்லையே பயன்படுத்துகின்றனர் என்பதை மறக்கலாகாது. நீதிமன்றக் காட்சிகளில் அவர் கண்ணயர்கிறார்; அல்லது தம் கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். 1960 ஆம் ஆண்டுப் படங்களில் எழுத்தாளர் நீதிமன்றத்துக்காக இருக்கிறார். இங்கே நீதிமன்றம் நடந்துகொண்டிருக்க, எழுத்தாளர் தம் வேலையைப் பார்க்கிறார். இப்படத்தின் கருத்து முழுவதையும் இந்தச் சிறு செயலில் வைத்த எழுத்தாளர் அபூர்வா அஸ்ராணியைப் பாராட்டாதிருத்தல் இயலாது.

படம் வெளிவந்தபோது சட்டம் மீண்டும் பின்னோக்கிச் சென்றிருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் தில்லித் தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டெம்பர் 6 ஆம் நாளிலேதான் மீண்டும் குற்றவிலக்கு அளித்தது. ஆகவே மேத்தாவின் படத்துக்கும், 1960 ஆம் ஆண்டுப் படங்களைப் போலவே, சட்டத்தின்கீழ் நின்று பேசவேண்டிய நெருக்கடி இருந்தது. அலிகார் நகரிலே படத்தின் பெயருக்கே எதிர்ப்பெழுந்தது. அந்நெருக்கடியிலும் சிராஸ் அச்செயலைச் செய்யவில்லை என்று அது வாதிடவில்லை. செய்தார், அது பிறர் விடயமன்று என்றது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்னும் பிரிவுகள் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற அதே சட்ட மரபைச் சேர்ந்தவை. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்குவதற்குப் பதிலாக, ஆடவருக்கிருந்த தண்டனையைப் பெண்டிர்க்கும் பொதுவாக்கியது. சமத்துவம் இவ்வாறும் வரக்கூடும்! அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டம் மாறுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் சட்டம் மாறிய நாடுகளிலும் சரிதங்கள் வழக்கேட்டின் வடிவிலேயே எழுதப்பட்டு வருகின்றன. 1895 ஆம் ஆண்டு அவதூறு வழக்கின் முழுமையான வாக்குமூலப் பதிவு 2000 ஆம் ஆண்டளவிலே வெளிப்பட, வைல்டின் பேரர் மேர்லின் ஹொலன்ட் அதனை 2003 இற் பதிப்பித்தார். பயன்மிக்க பதிப்பு அது. ஆனாலும் இனி வருவோர்க்குக் கார்சனின் குரல் முன்னிலும் தெளிவாகக் கேட்கும்.

வழக்கேட்டைப் பின்பற்றும் சரிதத்துக்கு வேறொரு குருட்டுத்தன்மையும் உண்டு. வழக்கேட்டில் முதலாம் எதிரியின் பெயருக்கே வெளிச்சம் விழும். வைல்டுடன் அதே நாளில், அதே தீர்ப்பால், அதே இரண்டாண்டுத் தண்டனை பெற்றவர் அல்பிரட் ரெய்லர் என்பவர். வைல்டுக்கு எதிராக அரசதரப்புச் சாட்சியாக மாறியிருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும், அவர் மறுத்தார். நாடகமோ கவிதையோ அவர் எழுதவில்லையாதலால், வைல்டைப் பற்றிய படங்களில் அவர் வந்துபோகும் ஒருவரே. 2010 பெப்ரவரியில் சிராஸோடு இருந்த ரிக்ஷாத் தொழிலாளிக்குப் பணியிடைநிறுத்த உத்தரவு எதுவும் வரவில்லை. வருவதற்கு அவருக்குப் பதவியும் இருக்கவில்லை. வீடு புகுந்தோரின் படக்கருவி அவரையும் பதிவுசெய்தது. 'அலிகார்' படத்திலும் அவர் ஓரத்துப் பாத்திரமே. அவருக்குப் பிடித்த பாடல் எதுவென்று அந்தப் படத்தைப் பார்த்து எவரும் சொல்லமுடியாது.